ஸ்டீவன்சனின் இடது கை: ஓர் அமெச்சூர் ஹெவிவெயிட்டின் பதினைந்து ஆண்டுகள்

கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் என்றதும் குத்துச்சண்டை ரசிகர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, எதிராளியை ஒரே அடியில் சாய்த்த அந்த வலது கை. இன்னொன்று, முகமது அலியோடு மோதுவதற்காக நீட்டப்பட்ட பத்து லட்சம் டாலரை அவர் வேண்டாம் என்றது. இரண்டும் உண்மைதான். ஆனால் 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக்கில் வரிசையாக ஹெவிவெயிட் தங்கம் வாங்கியதை இவற்றை மட்டும் வைத்து விளக்க முடியாது. பலமான வலது கை அந்தப் பிரிவில் அநேகமாக எல்லோரிடமும் இருந்தது. அவருக்கு முன் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரே குத்துச்சண்டை வீரர் ஹங்கேரியின் லாஸ்லோ பாப். அவரும் நடுவில் எடைப் பிரிவு மாறியவர். ஒரே பிரிவில் மூன்று முறை வென்ற முதல் ஆள் ஸ்டீவன்சன்தான்.

அவரைத் தாங்கி நின்றது இடது கை ஜாப், அதாவது கையை நேராக நீட்டித் தட்டும் குத்து, என்பதே இந்த ஆய்வு சொல்ல வரும் விஷயம். அதை நிரூபிக்க அவர் வென்ற சண்டைகள் பாதிதான் உதவும். மீதி பாதிக்கு அவர் தோற்ற சண்டைகளுக்குப் போக வேண்டும்.

பின்னணி

1952 மார்ச் 29 அன்று கியூபாவின் கிழக்கே உள்ள புவெர்ட்டோ பாத்ரே என்ற ஊரில் பிறந்தார். அப்பா செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து பிழைக்க வந்தவர். அம்மா கியூபாவில் பிறந்தவர், அவருடைய பெற்றோர் செயின்ட் கிட்ஸ் தீவுக்காரர்கள். புரட்சிக்குப் பிறகு 1960களின் தொடக்கத்தில் கியூபாவில் தொழில்முறை குத்துச்சண்டை தடை செய்யப்பட்டது. காசுக்குச் சண்டை போட்டு முன்னேறும் வழி அடைபட்டதால், திறமையுள்ள பையன்கள் எல்லோரும் ஒரே குழாய் வழியாக மேலே வர வேண்டியதாயிற்று: மாவட்ட விளையாட்டுப் பள்ளி, மாகாணப் பள்ளி, பிளாயா ஹிரோன் தேசிய சாம்பியன்ஷிப், கடைசியில் தேசிய அணி. 1964 முதல் அந்த அணியைக் கட்டியவர் அல்சிடெஸ் சகார்ரா. சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த கோச் ஆந்திரே செர்வோனென்கோவும் சேர்ந்துகொண்டார்.

கியூபாவின் துள்ளலான கால்வேலை, சோவியத்தின் தூர அளவு, இந்த இரண்டும் கலந்த பாணி உருவானது அப்போதுதான். ஆறேகால் அடிக்குக் குறையாத உயரமும் நீண்ட கைகளும் கொண்ட ஒரு பையனுக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் அமைந்திருக்காது. ஆனாலும் எடுத்த எடுப்பில் அவர் ஜெயிக்கவில்லை. முதல் சண்டையிலேயே தோல்வி. 17 வயதில் பெரியவர்களுக்கான தேசியப் போட்டியிலும் தோல்வி.

களத்தின் கணக்கு

அந்தக் கால அமெச்சூர் சண்டை என்பது மூன்று நிமிட ரவுண்ட் மூன்று. இடையில் ஒரு நிமிட ஓய்வு. மொத்தம் ஒன்பதே நிமிடம். ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு ரவுண்டிலும் மேலோங்கியவருக்கு 20 புள்ளியும் மற்றவருக்கு அதைவிடக் குறைவாகவும் போடுவார்கள். மூடிய கையுறையின் முட்டிப் பகுதி முகத்தின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ, அல்லது இடுப்புக்கு மேல் உடம்பிலோ பட்டால்தான் அது குத்து. இதில் வெளியாட்கள் கவனிக்கத் தவறும் ஒரு விதி உண்டு. தொழில்முறைச் சண்டையில் எதிராளியைக் கீழே விழவைத்தால் அந்த ரவுண்டில் கூடுதல் புள்ளி கிடைக்கும். அமெச்சூரில் கிடையாது. விழவைத்த குத்தும், தலையை லேசாகப் பின்னுக்குத் தள்ளிய ஜாபும் கணக்கில் ஒன்றுதான். எழுந்து நிற்கிற ஆளிடம் பலத்துக்கென்று தனி மதிப்பில்லை. ஒன்று, சண்டையையே முடிக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கையில் முந்த வேண்டும். இரண்டுக்குமே ஜாப் வேண்டும்.

எடை விஷயமும் முக்கியம். அப்போதைய ஹெவிவெயிட் என்பது 81 கிலோவுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் சரி. மேல் வரம்பு இல்லாததால் எடை குறைக்கும் பாடு இல்லை. மற்ற பிரிவினர் சண்டை நாள் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தராசில் ஏறும்போது, இவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். எதிரே வருகிறவர் 83 கிலோ ஆளாகவும் இருக்கலாம், 100 கிலோவைத் தாண்டியவராகவும் இருக்கலாம். உயரம் குறைந்த, எடை குறைந்த எதிராளிகள் பாதிப் பேராவது வருவார்கள் என்ற நிலை, நீண்ட ஜாப் வைத்திருப்பவருக்குச் சாதகம். 1982 உலகப் போட்டிக்குள் 91 கிலோவுக்கு மேல் சூப்பர் ஹெவிவெயிட் என்று தனிப் பிரிவு வந்ததும் அந்தச் சாதகம் போய்விட்டது. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது கை. ஒலிம்பிக்கில் தங்கம் என்றால் இரண்டு வாரத்துக்குள் நான்கு சண்டை. அன்றைய அமெச்சூர் விதிப்படி கையில் சுற்றக்கூடியது மென்துணிக் கட்டு மட்டுமே: சாதாரண வகை என்றால் 2.5 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம். முட்டியின் மேல் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. தொழில்முறை வீரர்கள் முட்டியில் திண்டு போல அடுக்கிக்கொள்ளும் பாதுகாப்பு இங்கே இல்லை. எதிராளியின் நெற்றியில் ஒரு வலது தவறாக விழுந்தால் போதும், கை எலும்பு போய்விடும். 1972 இறுதிச் சண்டையே நடக்கவில்லை. ருமேனியாவின் இயோன் அலெக்ஸே கையில் காயத்தோடு இருந்ததால் ரிங்குக்கு வர முடியவில்லை. ஸ்டீவன்சன் வலது கையைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தியதில் இந்தக் காரணமும் இருக்கிறது என்றே நினைக்கிறோம். ஜாப் தட்டிப் பார்த்து, தாடை திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகே வலது வரும். வீசிய வலதுகள் குறைவு, வீணானவை அதைவிடக் குறைவு. அதனால்தான் நான்காவது சண்டைக்கும் கை முழுசாக இருந்தது.

காலியிலிருந்து மியூனிக்குக்கு

1971இல் கொலம்பியாவின் காலி நகரில் பான் அமெரிக்கன் போட்டி. அங்கே அமெரிக்காவின் டுவேன் பாபிக், 19 வயது ஸ்டீவன்சனைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்தார். வெண்கலம்தான் மிஞ்சியது. பாபிக் பலசாலி, முன்னோக்கி வந்துகொண்டே இருப்பவர், உள்ளே புகுந்து இரண்டு கையாலும் அடிப்பவர். இந்த வகை எதிராளியை நினைவில் வையுங்கள். கடைசிவரை ஸ்டீவன்சனுக்குத் தொல்லை கொடுத்தது இந்த வகைதான்.

ஓராண்டு கழித்து மியூனிக். முதல் சண்டையில் போலந்தின் லுட்விக் டெண்டரிஸ் அரை நிமிடத்துக்குள் விழுந்தார். கண்ணருகே பெரிதாகக் கிழிந்ததால் ரெஃப்ரி நிறுத்திவிட்டார். காலிறுதியில் மறுபடி பாபிக். அமெரிக்கர்கள் தங்கம் வாங்கப் போகிறவர் என்று பாபிக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதல் ரவுண்ட் முழுக்க ஸ்டீவன்சனின் இடது கை பாபிக்கின் முகத்தை விட்டு நகரவில்லை. இரண்டாவது ரவுண்டில் பாபிக் அடி வாங்கிக்கொண்டே உள்ளே புகுந்தார். கயிற்றோரம் நெருக்கிச் சண்டையைத் தன் பக்கம் இழுத்தார். அந்த ரவுண்ட் பாபிக்குடையது. ஓராண்டுக்கு முன் ஸ்டீவன்சன் இப்படித்தான் தோற்றார். மூன்றாவதில் நடந்ததுதான் வேறு. ஸ்டீவன்சன் நேர்கோட்டில் பின்வாங்குவதை நிறுத்தினார். ஜாபைத் தட்டி அரை அடி பக்கவாட்டில் விலகினார். பாபிக் திரும்பி நேர்ப்பட வேண்டிய அந்தக் கணத்தில் வலது இறங்கியது. மூன்று முறை பாபிக் கீழே விழ, ரெஃப்ரி முடித்துவிட்டார்.

அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் பீட்டர் ஹுஸ்ஸிங் சொந்த நாட்டு ரசிகர்கள் முன் இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை. இறுதி, வாக் ஓவர். அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையும் இவருக்கே. கியூபாவுக்கு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் முதன்முதலாகத் தங்கம் கிடைத்ததும் இந்த மியூனிக்கில்தான். ஒர்லாண்டோ மார்ட்டினெஸ், எமிலியோ கொர்ரேயா, ஸ்டீவன்சன் என்று மூன்று பேர் வாங்கினார்கள்.

உச்சம்

1974இல் முதல் உலக அமெச்சூர் சாம்பியன்ஷிப் ஹவானாவிலேயே நடந்தது. தங்கம். 1975 பான் அமெரிக்கன் இறுதியில் மைக்கேல் டோக்ஸை வென்றார். 1976 மான்ட்ரியலில் முதல் மூன்று எதிராளிகளையும் முடிக்க மொத்தம் ஏழரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூவரில் ஒருவர் அமெரிக்காவின் ஜான் டேட். முதல் ரவுண்ட் பாதியிலேயே டேட் விழுந்துவிட்டார். இந்த டேட் 1979இலும், டோக்ஸ் 1982இலும் தொழில்முறையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர்கள். அமெச்சூரில் இவர் அடித்ததெல்லாம் சோதாக்களை என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

மான்ட்ரியல் இறுதியில் ருமேனியாவின் மிர்சியா சிமோன் எடுத்த முடிவு நுட்பமானது. அந்த வலது கைக்கு எட்டாமல் இருப்பது, அவ்வளவுதான். இரண்டு ரவுண்ட் முழுக்க ஓடியே சமாளித்தார். இப்படி ஓடுகிறவரை ஜாபால் பிடிக்க முடியாது. ரிங்கைக் குறுக்க வேண்டும். ஸ்டீவன்சன் துரத்தவில்லை. எதிராளி எந்தப் பக்கம் விலகுவாரோ அந்தப் பக்கம் காலை முன்கூட்டியே வைத்து, மூலையை நோக்கித் தள்ளிக்கொண்டே போனார். மூன்றாவது ரவுண்டில் ஒரு வலது சரியாக விழுந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு சிமோனின் கார்னரிலிருந்து துண்டு பறந்து வந்தது.

விசோத்ஸ்கி

இனி தோல்விகள். சோவியத் வீரர் இகோர் விசோத்ஸ்கி ஸ்டீவன்சனோடு இரண்டு முறை மோதி இரண்டு முறையும் வென்றார். 1973இல் ஹவானாவில், கொர்டோவா கார்டின் நினைவுப் போட்டியில், புள்ளிக் கணக்கில். 1976இல் மின்ஸ்க்கில் மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட். அதாவது மான்ட்ரியல் நடந்த அதே ஆண்டில் ஒலிம்பிக் சாம்பியன் தரையில் கிடந்திருக்கிறார்.

விசோத்ஸ்கி இவரைவிட உயரம் குறைந்தவர். அதையே ஆயுதமாக்கினார். ஜாப் புறப்படும்போது தலையை அதன் வெளிப்பக்கம் தாழ்த்திக்கொண்டு ஒரே அடியில் மார்புவரை வந்துவிடுவார். அங்கிருந்து விலாவுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) போடுவார். ஸ்டீவன்சனின் பாணியில் இருந்த மூன்று ஓட்டைகள் இங்கே ஒருசேர வெளிப்பட்டன. நிமிர்ந்து நிற்பதால் உடம்பின் நடுப்பகுதி திறந்திருக்கும். ஜாப் போட்டபின் இடது கை தாடைக்குத் திரும்பாமல் தாழ்வாகவே திரும்பும். நெருக்கத்தில் அடிக்க அவரிடம் ஆயுதம் குறைவு. அப்பர்கட் (கீழிருந்து மேலே ஏறும் குத்து) அபூர்வம், விலாவுக்கு அடிப்பது அதைவிட அபூர்வம். நீண்ட கை, நெஞ்சோடு நெஞ்சு நிற்கும்போது பாரம்தான்.

அப்படியென்றால் விசோத்ஸ்கி ஏன் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லை? புருவம். தலையை முன்னே நீட்டி உள்ளே நுழைகிறவர்களின் புருவம் எளிதில் கிழியும். விசோத்ஸ்கிக்கு அது தீராத பிரச்சினை, மான்ட்ரியலுக்குப் போகாததற்கும் அதுவே காரணம். ஸ்டீவன்சனை வெல்லும் முறை தெரிந்தவர்கள்கூட அந்த முறைக்குத் தங்கள் தோலையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே வரும் வழியெல்லாம் அந்த ஜாப் காத்திருந்தது. அதைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு வாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வாரத்தில் நான்கு சண்டை என்ற அமைப்பில் அப்படி வாங்கிக்கொண்டு இறுதிவரை தாக்குப்பிடிப்பது கஷ்டம். தனிப்பட்ட ஒரு சண்டையில் தோற்கக்கூடியவர் பெரிய போட்டிகளில் தோற்காததற்கு முக்கியக் காரணம் இதுவே.

மாஸ்கோவும் தேய்மானமும்

1978 பெல்கிரேடில் மறுபடி உலகத் தங்கம், 1979 சான் ஹுவானில் பான் அமெரிக்கன் தங்கம். 1980 மாஸ்கோவை அமெரிக்கா புறக்கணித்தது. முதல் இரண்டு சண்டைகள் நாக் அவுட். அரையிறுதியில் ஹங்கேரியின் இஸ்த்வான் லேவாய் ஒன்பது நிமிடமும் பின்னோக்கியே நடந்து, ஒலிம்பிக்கில் ஸ்டீவன்சனிடம் கடைசி மணிவரை நின்ற முதல் ஆளானார். தீர்ப்பு 5-0. இறுதியில் சோவியத்தின் பியோத்தர் ஜாயெவ், குட்டையான, முட்டி மோதி உள்ளே வருகிற வீரர், சொந்த ஊர் ரசிகர்களோடு. 4-1 என்று ஸ்டீவன்சன் வென்றார்.

மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து ரிங்குக்குள் அவர் போட்ட சண்டை 11. அதில் 9 நேரத்துக்கு முன்பே முடிந்தவை. புள்ளிக்குப் போன இரண்டும் கடைசி இரண்டு சண்டைகள். 28 வயதில் வலது கையின் வேகம் ஒரு மாற்றுக் குறைந்துவிட்டது என்பதை இந்த எண்ணிக்கையே காட்டுகிறது. அப்போதும் தங்கம் வந்தது என்றால் அதை வாங்கிக் கொடுத்தது எந்தக் கை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஜாயெவோடு நடந்த சண்டையில் எண்ணிக்கையைச் சேர்த்தது முழுக்க இடது கைதான்.

1982 மியூனிக் உலகப் போட்டி. புதிய சூப்பர் ஹெவிவெயிட் பிரிவு. இத்தாலியின் பிரான்செஸ்கோ டமியானி புள்ளிக் கணக்கில் ஸ்டீவன்சனைத் தோற்கடித்தார். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் இரண்டிலும் சேர்த்து அவருக்கு அதுதான் முதல் தோல்வி. டமியானி விசோத்ஸ்கியைப் போல முண்டியடித்து வந்தவர் அல்ல. நல்ல உயரம், கைவேகம், குத்துகளைக் கோர்த்துப் போடும் பழக்கம். ஸ்டீவன்சன் ஒன்று போட்டால் அவர் இரண்டு மூன்று போட்டார். சிறிய உடம்புக்காரர்கள் 91 கிலோ பிரிவுக்குப் போய்விட்டதால், எதிரே வரும் எல்லோரும் இவருடைய அளவு. எட்டாத தூரத்தில் நின்று தட்டும் வசதி சுருங்கிவிட்டது. டமியானியும் பின்னாளில் தொழில்முறை உலகப் பட்டம் வாங்கினார்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸை கியூபா புறக்கணித்தது. நான்காவது தங்கம் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு ஒரு சான்று உண்டு. அங்கே சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய டைரல் பிக்ஸை அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்டீவன்சன் வென்றிருந்தார். உறுதி என்று சொல்ல முடியாது. வாய்ப்பு வலுவாகவே இருந்தது. 1986இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் 34 வயதில் மூன்றாவது உலகத் தங்கம் வந்தது. இறுதியில் அலெக்ஸ் கார்சியாவை இரண்டாவது ரவுண்டிலேயே நிறுத்தினார். அதே போட்டியில் 91 கிலோ பிரிவில் வென்றவர் 19 வயதை எட்டாத பெலிக்ஸ் சவோன். கியூபாவின் அடுத்த மூன்று ஒலிம்பிக் தங்கத்துக்காரர். 1988 சியோலையும் கியூபா புறக்கணித்தது. ஸ்டீவன்சன் கையுறையைக் கழற்றினார். 302 வெற்றி, 22 தோல்வி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2012 ஜூன் 11 அன்று ஹவானாவில் மாரடைப்பால் இறந்தபோது வயது 60.

அலியோடு மோதியிருந்தால்

எண்பது லட்சம் கியூபர்களின் அன்புக்கு முன் பத்து லட்சம் டாலர் எம்மாத்திரம் என்று அவர் கேட்டது உலகம் அறிந்தது. மூன்று மூன்று ரவுண்டாக ஐந்து சண்டை வைக்கலாம் என்றுகூடப் பேச்சு நடந்து நின்றுபோனது. அந்த வடிவத்தில் நடந்திருந்தால், 1976-78 காலத்து அலிக்கு அது மிகச் சிரமமான வேலையாக இருந்திருக்கும். அப்போதைய அலி முதல் சில ரவுண்டுகளை விட்டுக்கொடுத்துப் பின்னால் மீட்கும் ஆள். மூன்று ரவுண்டில் மீட்க நேரமில்லை. பதினைந்து ரவுண்ட் என்றால் கதை வேறு. வாழ்நாள் முழுக்க ஒன்பது நிமிடத்துக்குத் தன்னைத் தயார் செய்த உடம்பு அது. நெருக்கத்தில் கட்டிப்பிடிப்பது, தோளால் தள்ளுவது, மூச்சைச் சேமிப்பது எதையும் பழகாமல் பத்தாவது ரவுண்டுக்குப் போக முடியாது. பணத்தை மறுத்த முடிவைப் பற்றி எந்தக் கருத்து இருந்தாலும், அதனால் கியூப அணிக்குக் கிடைத்தது தெளிவு. அடுத்த தலைமுறை தினமும் பயிற்சிக்கூடத்தில் அவரை நேரில் பார்த்து வளர்ந்தது.

பயிற்சியாளர்களுக்கு

உயரமான ஹெவிவெயிட் பையன் கையில் கிடைத்தால் பெரும்பாலான கோச்சுகள் முதலில் செய்வது தாங்கள் கையில் பிடிக்கும் பேடில் வலது கையை அடிக்கவிடுவது. சத்தம் நன்றாக இருக்கும், பையனுக்கும் உற்சாகம். ஆறு மாதத்தில் அவன் ஜாபை வெறும் முன்னறிவிப்பாக வீச ஆரம்பித்துவிடுவான். அதற்குப் பதிலாக ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) வாரத்தில் ஒரு நாளாவது இடது கைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எதிரே அவனைவிட ஒரு சாண் குட்டையான, உள்ளே புகத் துடிக்கிற ஆளை விடுங்கள், அவருக்கு இரண்டு கையும் உண்டு. ஒவ்வொரு ஜாபுக்குப் பிறகும் முன்கால் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள். நேர் பின்னால் போனால் சண்டையை நிறுத்தித் திருத்துங்கள். கை தாழ்வாகத் திரும்பினால் குட்டைக்காரரின் வலது ஹூக்கே திருத்திவிடும். நெருக்கத்துக்கென்று தனியாக அப்பர்கட்டும் விலா அடியும் பழக்குவது அவசியம். ஸ்டீவன்சனிடம் இல்லாத அதை இன்றைய பையனிடமும் இல்லாமல் விட நியாயமில்லை.

சண்டைப் பதிவுகளைப் போட்டுக் காட்டுவதாக இருந்தால் மான்ட்ரியல் நாக் அவுட்டுகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் பாபிக்கோடு மியூனிக்கில் நடந்தது, அதில் இரண்டாவது ரவுண்டுக்கும் மூன்றாவது ரவுண்டுக்கும் இடையே கால் எப்படி மாறுகிறது என்பது. அடுத்து சிமோன் சண்டையின் முதல் இரண்டு ரவுண்ட், ரிங்கைக் குறுக்குவதற்காக. கடைசியாக மாஸ்கோ இறுதி. அதில் பையன்களிடம் வலது கையை மறந்துவிட்டு, ஜாயெவின் முகத்தில் பட்ட இடது கை ஜாப்களை மட்டும் ரவுண்ட் வாரியாக எண்ணி எழுதச் சொல்லுங்கள்.